பழைய குரூஸர் பைக் வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, எனக்கு 48 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். டர்பனிலிருந்து கேப் டவுன் வரை என்2 சாலையில் மனைவியோடு பைக்கில் போய்வர ஆசை. பழைய வண்டிகளாக ஹார்லி ஐயன் 883, யமஹா டிராக் ஸ்டார் 1100, கவாசாக்கி வல்கன் 900 மூன்றும் என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன. மனசு ஹார்லி பக்கம் சாய்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் நீங்கள் கேட்பது இரண்டு பேர் போகும் பயணம், அதுவும் போக மட்டுமே 1,600 கிலோமீட்டருக்கு மேல். அதனால் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், மூன்று வண்டியிலும் பின்னால் கால் மணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

ஐயன் 883 கம்பெனியிலிருந்து வரும்போதே ஒற்றை சீட்டோடு வருவது. பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்கும் கம்பிகூட இருக்காது. வாங்கிப் பொருத்தலாம்தான், ஆனால் பின் ஷாக் அப்சார்பர் குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் அவர் முதுகில்தான் இறங்கும். டேங்க் பன்னிரண்டரை லிட்டர். இரண்டு ஆள், பை, எதிர்காற்று எல்லாம் சேர்ந்தால் இருநூறு கிலோமீட்டரை நெருங்கும்போதே பெட்ரோல் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலிட்டோ வரை தனியாகப் போய்வர அருமையான வண்டி. இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம்.

டிராக் ஸ்டார் 1100 உழைக்கிற வண்டி. காற்றில் குளிரும் வி-ட்வின் எஞ்சின், பின் சக்கரத்தைச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு சுற்றுகிறது. செயினுக்கு எண்ணெய் போடும் வேலையே இல்லை. 17 லிட்டர் டேங்க். ஆனால் எவ்வளவு புதியதாகக் கிடைத்தாலும் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கும். அதன் தெரிந்த பலவீனம் ஸ்டார்ட்டர் கிளட்ச், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் பாகம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது 'கடக்' என்று இரும்பு மோதும் சத்தமோ, மோட்டார் மட்டும் சும்மா சுற்றும் சத்தமோ கேட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கார்புரேட்டர் வண்டி என்பதால், நாளை ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் அந்த 1,700 மீட்டர் உயரத்தில் கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம். அது கோளாறு இல்லை.

மூன்றும் ஒரே நிலையில் இருந்தால் என் தேர்வு வல்கன் 900. எஞ்சினை நீர் குளிர்விக்கிறது, பெட்ரோல் இன்ஜெக்ஷன், டேங்க் 20 லிட்டர். கிளாசிக் மாடலின் சீட்டில் பின்னால் இருப்பவருக்கும் ஓரளவு இடம் உண்டு. இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது பின் சக்கரத்தைச் சுற்றும் பெல்ட்டை. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மெல்லச் சுற்றியபடி ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். கல் குத்திய ஓட்டை, ஓரத்தில் பிரிந்த நார், வெடிப்பு எது இருந்தாலும் பெல்ட் மாற்ற வேண்டும். அது மலிவான வேலை இல்லை.

யமஹா, கவாசாக்கி இரண்டிலும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது. கோக்ஸ்டாட் தாண்டி முத்தாத்தா வழியாகப் போகும்போது மாடும் ஆடும் சாலைக்குக் குறுக்கே வரும். அதனால் மெருகு பூசிய குரோமைப் பார்ப்பதற்கு முன் பிரேக்கையும் டயரையும் பாருங்கள். அந்தப் பகுதியை இருட்டில் கடக்கவே வேண்டாம். இன்னொன்று: இந்த வண்டிகள் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. உங்கள் இருவர் எடையையும் பைகளையும் கூட்டி, ஓனர் மேனுவலில் போட்டிருக்கும் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (டொங்காட்): ஒரே மாடலில் இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று 2010 மாடல், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியது, உம்லாங்காவில் கடற்கரை ஃபிளாட்டில் நிற்கிறது. மற்றது 58,000 ஓடியது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சர்வீஸ் புத்தகத்தோடு இருக்கிறது. குறைவாக ஓடியதைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வண்டியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். ஓடாமல் நிற்கிற வண்டியும் கெடும், கடலோரத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். உப்புக்காற்று ஸ்போக்கையும் எலெக்ட்ரிக் கனெக்டர்களையும் தின்னும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருந்தால் அது ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை சீல் மாற்றினாலும் ஒழுகும்.

உம்லாங்கா வண்டியைப் பார்க்கப் போனால், வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆக அது மறுக்கலாம். டார்ச் அடித்து டேங்க் உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 1410 என்றால் 2010-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. டயரின் பள்ளக்கோடுகள் ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி இருவர் நெடுஞ்சாலையில் போகக் கூடாது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, அது டீ நிறத்தில் இருந்தால் யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. ஊரை விட்டு வெகுதூரம் போனபின் வண்டி நின்றுபோக அதுவே காரணமாகும்.

58,000 ஓடிய வண்டியில் சர்வீஸ் புத்தகத்தின் தேதிகளும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால், இவ்வகை எஞ்சின்களுக்கு அது பெரிய ஓட்டமே இல்லை.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): டீலரிடம் பழைய குரூஸர் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மூன்றாவது கியர் தானாக விலகுகிறது. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று கையெழுத்துப் போட்டீர்களே, உள்ளபடி வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். என் பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை, தைரியமாக இருங்கள். தொழிலாக வண்டி விற்பவர் அந்த ஒரு சொல்லை எழுதி வாங்கிக்கொண்டு தப்பிக்க முடியாது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 55, 56: வாங்கி ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பா, மாற்றா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். பழுதுபார்த்தபின் மூன்று மாதத்துக்குள் அதே குறை தீரவில்லை என்று தெரிந்தால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். கியர்பாக்ஸில் இந்தக் குறை இருக்கிறது என்று உங்களிடம் தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. சாதாரணத் தேய்மானமும் இதில் சேராது.

வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். நீங்களே கெடுத்தீர்கள் என்று சொல்ல அது வழி கொடுக்கும். குறையைத் தேதியோடு எழுதி டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசுவது போதாது. அவர்கள் மறுத்தால் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் கொடுக்கலாம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. ஆறு மாதம் முடிவதற்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது, இன்றைக்கே எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: தனிநபர் தன் சொந்த வண்டியை விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அங்கே 'ஃபுட்ஸ்டூட்ஸ்' செல்லும். குறை தெரிந்தும் ஏமாற்றுவதற்காக அவர் மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தால்தான் வழி உண்டு. அதனால் தனிநபரிடம் வாங்கும்போது பதிவுச் சான்றிதழை நிதானமாகப் படியுங்கள். அதில் ஓனர் வேறு, டைட்டில்ஹோல்டர் (சட்டப்படி உரிமை உள்ளவர்) வேறு. டைட்டில்ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை, விற்க அவருக்கு உரிமை இல்லை. வங்கிக் கடன் தீர்ந்து, சான்றிதழ் மாறும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழும் தேவை. ரோட்வொர்த்தி கிடைத்துவிட்டது என்பதற்காக எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிரேக், விளக்கு, டயர் போன்ற பாதுகாப்பு விஷயங்களைத்தான் அங்கே பார்ப்பார்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): இருபது வருடமாகக் கார் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்தே குரூஸர் ஓட்டலாமா அண்ணா?

பதில்: முடியாது தம்பி. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு கோட் ஏ என்ற பைக் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். முதலில் லேர்னர்ஸ் (பழகுநர் லைசென்ஸ்), அது 24 மாதம் செல்லும். அந்தக் காலத்தில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. சரியான லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். வண்டி தேடுவதற்கு முன் லேர்னர்ஸ் தேர்வுக்கு நாள் பதிவு செய்துவிடுங்கள்.