பள்ளியில் சமத்து, வீட்டில் ரகளை

வாசகர் கேள்வி – பதில்

மூளை வேறு மாதிரி வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஆட்டிசம் (பழகுவது, பேசுவது, சத்தம், தொடுகை எல்லாம் வேறு மாதிரி இருப்பது), ஏடிஹெச்டி (கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்) என்று மருத்துவர் பெயர் சொல்லிவிட்ட பிறகும் பல கடிதங்களில் ஒரு சந்தேகம் ஒளிந்திருந்தது: "வேணும்னே பண்றானோ?" பதில்களைப் படிக்கும்போது அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, ஆட்டிசம். வகுப்பில் "தங்கமான பிள்ளை, சத்தமே கிடையாது" என்கிறார் டீச்சர். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கத்தல் ஆரம்பித்துவிடும். பொருட்களை எறிகிறான், தங்கையை அடிக்கிறான். "டீச்சர்கிட்ட இருக்கற பயம் உன்கிட்ட இல்ல, நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள்.

பள்ளியில் உங்கள் மகன் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் வெளியே தெரியும். உள்ளே அவனுக்கு ஓயாத வேலை. மின்விசிறியின் கடகட சத்தம், நாற்காலிகளை இழுக்கும் சத்தம், நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவது, சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் கழுத்தில் உரசுவது, பக்கத்துப் பையனின் முழங்கை, இதெல்லாம் நமக்குப் பத்து நிமிடத்தில் பழகிப்போய்விடும், அவனுக்கு மாலை வரை பழகுவதே இல்லை. "எல்லாரும் புத்தகத்தை எடுங்க" என்றால் அந்த எல்லாரிலும் தானும் உண்டு என்பதைக் கவனித்து எடுக்க வேண்டும். கையை உதற வேண்டும் போலிருக்கும், யாராவது சிரிப்பார்கள் என்று தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்வான். இப்படித் தன் இயல்பை மறைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல நடப்பதை மாஸ்கிங் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் பள்ளிக்காலத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்வது இந்தக் களைப்பைத்தான். அதை யாரிடம் இறக்கி வைக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களிடம் இறக்குகிறான். ஆனால் அடி வாங்கும் தங்கைக்கு இந்த விளக்கம் எதற்கும் உதவாது, அதனால் நடைமுறைக்கு வருவோம்.

பள்ளிவிட்டு வந்ததும் முதல் ஒரு மணி நேரம் கேள்வியே கேட்காதீர்கள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று நாம் ஆசையாகக் கேட்பது அவனுக்கு இன்னொரு பரீட்சை. உடை மாற்றட்டும், ஏதாவது சாப்பிடட்டும், அவனுக்கென்று ஒரு மூலை இருக்கட்டும், ஒரே கார்ட்டூனை ஐம்பதாவது முறை பார்த்தாலும் பார்க்கட்டும். அந்த நேரத்தில் தங்கை வேறு அறையிலோ வெளியில் உங்களோடோ இருப்பது நல்லது.

அப்புறம், அவன் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வருகிறதா? பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்றவை ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் உறைக்கும், சிலருக்கு உறைக்கவே உறைக்காது. பள்ளிக் கழிப்பறையின் எதிரொலிச் சத்தத்துக்கும் நாற்றத்துக்கும் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்பவர்களும் உண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. மாலை ரகளையில் ஒரு பங்கு வெறும் தாகமாகவோ அடக்கி வைத்த சிறுநீராகவோகூட இருக்கலாம்.

கத்தல் உச்சத்துக்குப் போய்விட்டால் பேசிப் புரியவைக்க முயலாதீர்கள், அந்த நேரத்தில் சொல் எதுவும் உள்ளே போகாது. அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு பொருள் வேண்டும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கிடைத்ததும் நிறுத்திவிடும். இது வேறு. கேட்டதைக் கையில் கொடுத்தாலும் நிற்காது, அவனாலேயே நிறுத்த முடியாது. விளக்கைக் குறையுங்கள், கையில் கிடைப்பதை அகற்றுங்கள், பக்கத்தில் சும்மா இருங்கள். அடங்கிய கையோடு "சாரி சொல்லு" என்று நிற்கவும் வேண்டாம், அதை ராத்திரி பேசிக்கொள்ளலாம்.

பள்ளியிலும் பேச வேண்டும். "இங்க ஒரு பிரச்சினையும் இல்லையே" என்பார்கள். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எந்த மாலை மோசம், எது பரவாயில்லை என்று குறித்துவையுங்கள். பிரேயர் கூட்டம் நடந்த நாளா, விளையாட்டு பீரியட் இருந்த நாளா, வேறு டீச்சர் வந்த நாளா என்பது அதில் தெரிந்துவிடும். அதைக் காட்டி, மதியம் பத்து நிமிடம் நூலகத்தில் தனியாக உட்காரலாம், கூட்டம் போடும்போது காதை மூடும் ஹெட்போன் போடலாம் என்று குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் யாராலும் எதையும் பார்த்துக்கொள்ள முடியாது.

உங்கள் கணவர் சொல்லும் பயத்துக்கு வருகிறேன். டீச்சர் மேல் இருக்கும் பயத்தில்தான் அவன் அடங்கியிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம், அதே பயத்தை வீட்டிலும் கொண்டுவந்தால் அவனுக்கு மூச்சுவிட ஓர் இடமும் மிஞ்சாது.

கேள்வி: 11 வயது மகளுக்கு ஏடிஹெச்டி என்று இந்த வருடம்தான் சொன்னார்கள். வீட்டுப்பாடம் தினமும் மூன்று மணி நேரப் போர். முடித்தாலும் டீச்சரிடம் கொடுக்க மறந்து பையிலேயே வைத்திருக்கிறாள். படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் சாப்பாடு மறந்து வரைகிறாள். அப்போ கவனம் இருக்குதானே? மருத்துவர் மாத்திரை பற்றிப் பேசுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. – ஓர் அப்பா

பதில்: கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாதபோது எடுக்கவும் அவளால் முடியவில்லை. ஒரு வேலையைத் தொடங்குவது, சொன்னதை மனதில் வைத்துக்கொள்வது, நேரம் ஓடுவதை உணர்வது, இந்த மூன்றும் தனித்தனித் திறமைகள். ஏடிஹெச்டியில் இவை வயதுக்குப் பின்தங்கியே வளரும். ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் ஏறக்குறைய 30 சதவீதம் பின்தங்கியிருக்கும் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார். அப்படிப் பார்த்தால், தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் விஷயத்தில் உங்கள் மகளுக்கு ஏழெட்டு வயது. ஏழு வயதுக் குழந்தையிடம் "போய் மூணு பாடத்தையும் முடிச்சுட்டு வா" என்று சொல்வீர்களா?

பக்கத்தில் உட்காருங்கள். சொல்லித்தர வேண்டாம், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், ஆள் பக்கத்தில் இருந்தாலே இவர்களில் பலருக்கு வேலை நகரும். முதல் வரியை மட்டும் சேர்ந்து எழுதுங்கள். பதினைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் எழுந்து ஆட்டம். மிச்ச நேரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு டைமர், ஏனென்றால் "இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்பது அவளுக்கு வெறும் சத்தம். வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று எல்லை போட்டு, அதற்கு மேல் மூடிவிட்டு, "இவ்வளவுதான் முடிந்தது" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒரே மாதிரிக் கணக்கு இருபது இருந்தால் ஐந்து போதும் என்று பள்ளியிடம் கேளுங்கள். நோட்டைக் கொடுக்க அவள் மறக்கத்தான் செய்வாள், டீச்சரே அவள் மேசைக்கு வந்து கேட்டு வாங்கட்டும்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். அதே பாடத்தின் பதிலை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கடகடவென்று சொல்லிவிட்டு எழுதத்தான் மூன்று மணி நேரம் என்றால் டிஸ்லெக்சியாவோ எழுத்துச் சிரமமோ கூட இருக்கலாம். ஏடிஹெச்டியோடு அது சேர்ந்து வருவது சகஜம், தனியாகப் பரிசோதிக்க வேண்டும். டிஸ்லெக்சியாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டு டைமரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

மாத்திரை: அதிகம் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் புதிய மருந்தல்ல, அமெரிக்காவில் 1955-லேயே அனுமதி பெற்றது. சாதாரண வகை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும், நீடித்து வேலை செய்யும் வகைகளும் உண்டு. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால்தான் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் மருத்துவர் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கும் குழந்தைகள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாத்திரை ஏடிஹெச்டியைக் குணப்படுத்தாது, வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்துக்குத் தொடங்குவதையும் தொடர்வதையும் எளிதாக்கும், ஒத்துவரவில்லை என்றால் மருத்துவரோடு பேசி அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், நிறுத்தலாம். பயப்படுவதில் தப்பில்லை, பயத்தை இந்தக் கேள்விகளாக மாற்றி மருத்துவரிடமே கேளுங்கள். ஏடிஹெச்டி இருந்தும் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பெண் குழந்தைகளைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதே இல்லை. உங்கள் மகளுக்கு 11 வயதிலாவது தெரிந்ததே.

கேள்வி: பேரனுக்கு ஆட்டிசம் வந்தது தடுப்பூசியாலா, செல்போனாலா, மருமகள் வேலைக்குப் போவதாலா?

பதில்: மூன்றாலும் இல்லை பாட்டி. தடுப்பூசிக் கதை 1998-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது, அதில் பார்த்தது வெறும் 12 குழந்தைகளை. வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்விலும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அம்மா பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சொல்லிக்கொண்டிருந்தது, எத்தனையோ தாய்மார்களை அழவைத்த பொய் அது. ஆட்டிசத்தில் பெரும்பங்கு மரபணுக்களுடையது. குடும்பத்தில் "அவர் கொஞ்சம் ஒரு மாதிரி, ஆனா கணக்குல புலி" என்று நீங்களே யாரையாவது சொல்லியிருப்பீர்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில் ஒரு மாணவன் பாடம் நடக்கும்போது எழுந்து நடக்கிறான், விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். தேர்வில் அவனுக்குக் கூடுதல் நேரம் தருவது நியாயமா என்று மற்ற பெற்றோர் கேட்கிறார்கள்.

பதில்: விரல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள் டீச்சர். தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள அவன் செய்வது அது, அதைத் தடுத்தால் தடுத்துக்கொள்வதிலேயே அவன் கவனம் முழுவதும் போய்விடும், பாடத்துக்கு மிஞ்சாது. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் செயல் என்றால் மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். நடப்பதற்கு ஒரு பாதை கொடுங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் போய் வரலாம், அல்லது நோட்டுகளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாம். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்பதையும் விட்டுவிடலாம், வேறெங்கோ பார்க்கும்போதுதான் பலருக்குக் காது நன்றாக வேலை செய்கிறது.

கூடுதல் நேரம் நியாயமா என்று கேட்கும் பெற்றோரிடம், கண்ணாடி போட்ட பிள்ளைகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டா தேர்வு எழுதச் சொல்கிறோம் என்று கேளுங்கள். நாளைய கால அட்டவணை மாறுகிறது என்றால் அதை முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள், காசு செலவில்லாத உதவிகளில் இதுதான் பெரியது.

கேள்வி: 5 வயது மகள் இன்னும் பேசவில்லை, டிவியில் கேட்ட வரிகளை மட்டும் திருப்பிச் சொல்கிறாள். பேச்சுப் பயிற்சியாளர் படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட்டைப் பழக்கலாம் என்கிறார். அதற்குப் பழகிவிட்டால் வாய் திறக்கவே மாட்டாளோ?

பதில்: இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு, ஆனால் ஆய்வுகளில் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சும் கூடவே கொஞ்சம் வருகிறது. வராமலே போனாலும் "வலிக்குது", "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு இன்றைக்கே ஒரு வழி வேண்டும், பேச்சு வரட்டும் என்று அதைத் தள்ளிப்போட முடியாது. அவள் மட்டும் பயன்படுத்தினால் போதாது, நீங்களும் பேசும்போது அதைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். "கையை நல்லா கழுவு" என்று டேப்லெட்டும் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்கள். தப்பு செய்தாள் என்று தண்டனையாக மட்டும் அதைப் பிடுங்கி வைக்காதீர்கள், அது அவள் வாய்.

டிவி வரிகளைத் திருப்பிச் சொல்வதும் வீணில்லை. அந்த வரி எந்தச் சமயத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கார்ட்டூனில் கதவு சாத்தும்போது வரும் வசனத்தை, வெளியே போக வேண்டும் என்பதற்கு அவள் வைத்திருக்கலாம்.

கேள்வி: 9 வயது மகனிடம் அவனுக்கு ஆட்டிசம் என்று எப்போது சொல்வது?

பதில்: இப்போதே, ஆனால் உட்காரவைத்துப் பெரிய செய்தியாகச் சொல்லாதீர்கள். தான் மற்றவர்கள் மாதிரி இல்லை என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், காரணம் தெரியாததால் "நான் மக்கு", "நான் கெட்டவன்" என்று அவனே ஒரு காரணம் வைத்திருப்பான். காரில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்: "உனக்கு மிக்ஸி சத்தம் தாங்காதுல்ல, ரயில் நம்பர் எல்லாம் மனப்பாடமா வரும்ல, அப்படி இருக்கறதுக்கு ஒரு பேர் இருக்கு." அன்றைக்கு அவ்வளவு போதும், கேள்விகள் நாலு நாள் கழித்துச் சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில் வரும். வகுப்பில் யார் யாருக்குத் தெரியலாம் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள், அவனைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.