புது மாடல் வந்துவிட்டது, மாற்றலாமா?

பூநாரைகள் தனுஷ்கோடிக்கு வரும் மாதங்கள் நெருங்குகின்றன. கேமராவை மாற்றலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணா, என்னிடம் நிக்கான் பி1000 இருக்கிறது. இப்போது பி1100 வந்திருக்கிறது. கோதண்டராமர் கோயில் பக்கம் எடுத்த படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். மாற்றினால் தெளிவு கூடுமா? (மண்டபம்)

கூடாது தம்பி. 2018-இல் வந்த பி1000-க்கும் 2025-இல் வந்த பி1100-க்கும் ஒரே 125 மடங்கு ஜூம். 24 முதல் 3000 மி.மீ. வரை. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரும் அதே 16 மெகாபிக்சல். படத்தைத் தீர்மானிக்கும் இரண்டும் மாறவில்லை. கண்ணில் படும் மாற்றம் சார்ஜ் போடும் துளைதான்: மைக்ரோ யூ.எஸ்.பி. போய் டைப்-சி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கேமராக்களுக்கு டைப்-சி கட்டாயம். பறவை மோடில் ஃபோகஸ் தேர்வு கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. அதற்காக முழு விலை கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவையின் கால்கள் நெளிகின்றன. அலகின் கருப்பு நுனி சாம்பல் நிறமாகக் கரைந்திருக்கிறது. இது கானலின் வேலை. உச்சி வெயிலில் மணல் சூடேறி, அதன் மேல் காற்று அலையும்போது வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. முழு ஜூமான 3000 மி.மீ. அந்த அலைவையும் சேர்த்தே பெரிதாக்கும். விடிந்த கையோடு போங்கள். ஜூமைப் பாதியில் நிறுத்துங்கள். முழு ஜூமில், வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரம் எஃப்8-க்கு மேல் திறக்காது (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிது). அவ்வளவு சிறிய சென்சாரில் அதுவும் கூர்மையைத் தின்றுவிடும். கிட்டத்தில் எடுக்கிறேன் என்று தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடி பெரும் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தைக் கிளப்பிவிட்டு எடுத்த படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை.

இதுதான் என் முதல் கேமரா. பழைய பி1000 கைமாற்றாகக் கிடைக்கிறது. வாங்கலாமா அண்ணா? (பாம்பன்)

விலை நன்றாகக் குறைந்தால் வாங்கம்மா. வித்தியாசம் சொற்பம் என்றால் பி1100-ஐ எடுங்கள். ஆனால் கடலோரத்தில் புழங்கிய கேமரா என்பதை மறக்க வேண்டாம். லென்ஸை முழுவதும் நீட்டி, திரும்ப மடக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று அரைபட்டால் உள்ளே மணல் போயிருக்கிறது. டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

காக்கா (அண்ணா), ஸ்டூடியோவில் கேனான் 1300டி வைத்திருக்கிறேன். ஒருவர் 1500டி தருகிறார். 18 மெகாபிக்சல் 24 ஆகிறதே? (கீழக்கரை)

ஆகிறது, அதோடு சரி. ஃபோகஸ் புள்ளி இரண்டிலும் 9, வேகமும் நொடிக்கு 3 படம்தான். 8-க்கு 12 அங்குல ஆல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடிக்க 86 லட்சம் பிக்சல் போதும். உங்களிடம் இப்போதே 1 கோடியே 80 லட்சம் இருக்கிறது. நிக்காஹ் மண்டபத்தில் உங்களைத் தவிக்கவைப்பது வெளிச்சக் குறைவு. அந்தப் பணத்தில் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் வாங்குங்கள். கேமராவோடு வந்த லென்ஸின் எஃப்5.6-ஐ விட எட்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும்.

படகில் கொண்டுபோகிறேன். பி1100 உப்புத் தண்ணீரைத் தாங்குமா? (ஏர்வாடி)

தாங்காது. பி1000-உம் அப்படித்தான். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

என்னிடம் நிக்கான் இசட்8. அடுத்த மாடலுக்குக் காத்திருக்கிறேன், பறக்கும் பறவையில் ஃபோகஸ் நிற்க வேண்டும். (ராமநாதபுரம்)

முதலில் மெனுவில் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை இயக்கும் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் வந்த 2.00 பதிப்பிலேயே பறவைக்கென்று தனி ஃபோகஸ் கண்டறிதலை இலவசமாகத் தந்துவிட்டார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் இன்றே ஏற்றுங்கள். பேட்டரி முழுவதும் சார்ஜ் இருக்கட்டும்.