எலியின் நாக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் என்ன தெரியும்?

கிளிநொச்சியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி, வயலில் ஓடும் எலிக்கும் ஆய்வுகூட எலிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

நாக்கு முழுக்க அடர்ந்திருக்கும் கூரான முளைகளில், சுவையை உணரும் சுவை அரும்பே கிடையாது. அவற்றுக்கிடையே சிதறியிருக்கும் காளான் வடிவ முளைகளின் உச்சியில் பெரும்பாலும் தலா ஓர் அரும்பு. பின்பக்க ஓரங்களில் மடிப்புகள் உண்டு, அவற்றிலும் அரும்புகள்.

அற்புதம் நாக்கின் பின்பகுதியில்தான். அகழி சூழ்ந்த முளை நமக்குச் சுமார் 8 முதல் 12 வரை இருக்கும். எலிக்கு நடுவில் ஒன்றே ஒன்று! அந்த அகழியின் சுவர்களில் நூற்றுக்கணக்கான அரும்புகள். அடியிலுள்ள சுரப்பிகள் நீர் சுரந்து அகழியைக் கழுவிவிடும், அப்புறம்தான் அடுத்த சுவை தெளிவாகப் படும்.

ஓர் அரும்பு என்பது உள்ளிப்பூடு போலச் சேர்ந்த 50 முதல் 100 நீண்ட கலங்கள், மேலே ஒரு சிறு துளை. அந்தக் கலங்களில் பல சுமார் 10 நாளில் அழிந்து, புதியவை வந்துவிடும்.