எம்.ஓ.யூ. போட்டோ வந்துச்சு, புள்ளைங்க எப்ப போறது? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் ரெண்டுலயும் கம்பஸ் பேச்சுதான் ஜாஸ்தி. சமையல் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

நான் ஒரு அரச பல்கலைக்கழகத்துல ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் அண்ணே. எங்க பெக்கல்ட்டி ஒரு வெளிநாட்டு கம்பஸோட எம்.ஓ.யூ. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) சைன் பண்ணி, ரெண்டு வீ.சீ.யும் (துணைவேந்தரும்) கைகுலுக்குற போட்டோ எல்லாம் வந்துச்சு. ஆனா எங்க பெட்ச்லயும் சரி, மேல் பெட்ச்லயும் சரி, ஒருத்தர்கூட அங்க போகல. ஏன்? – தலவாக்கலை வாசகி

தங்கச்சி, எம்.ஓ.யூ.ங்கிறது தட்டு மாத்துற மாதிரி, கல்யாணத் தேதி அதுல இருக்காது. நாங்க சேர்ந்து வேலை செய்ய விரும்புறோம்னுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும், எத்தனை புள்ளைங்க போறது, பீஸ் யாரு கட்டுறது, அங்க பாஸ் பண்ணுன பாடத்தை இங்க யாரு ஏத்துக்கிறதுன்னு ஒரு வரி இருக்காது. அதுக்கு ரெண்டாவதா ஒரு அக்ரீமென்ட் வேணும், அதைப் போடணும்னா பாடம் தெரிஞ்ச லெக்சரர்மார் ரெண்டு பக்கத்து சிலபஸையும் வச்சு வரிவரியா பாக்கணும், அந்த வேலையை யாரும் போட்டோ புடிக்க மாட்டாங்க, அதனாலதான் அது கடைசிவரைக்கும் அப்படியே கெடக்கு.

ஐரோப்பாவுல எராஸ்மஸ்னு சொல்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987ல தொடங்குனது, இன்னமும் ஓடுது. அதுல பெரிய மாயம் ஒண்ணும் இல்ல. புள்ளை பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தத்துல மூணு கையெழுத்து விழுந்துரும், போற புள்ளையோடது, அனுப்புற கம்பஸோடது, எடுக்கிற கம்பஸோடது. அங்க இந்தந்த பாடம் படிக்கிறேன், திரும்பி வந்தா இங்க இந்தந்த பாடத்துக்குப் பதிலா அதைக் கணக்குல எடுக்கணும்னு அதுலயே எழுதியிருக்கும், வந்த பொறகு டீன் ஆபிஸ் வாசல்ல நிக்கிற கதை இல்ல.

கிரெடிட் கணக்கையும் ஒருக்கா போட்டுப் பாருங்க, பயந்துக்கிற அளவுக்கு ஒண்ணுமில்ல. எஸ்.எல்.கியூ.எஃப்.னு சொல்ற, பட்டங்களை லெவல் போட்டு அளக்கிற நம்ம நாட்டு முறையில ஒரு கிரெடிட்டுன்னா 50 மணித்தியாலம், லெக்சர், பிரெக்டிகல், வீட்ல உக்காந்து படிக்கிறது எல்லாம் சேத்து. வருஷத்துக்கு 30 கிரெடிட். ஐரோப்பாவுல ஒரு கிரெடிட்டுக்கு 25ல இருந்து 30 மணித்தியாலம், வருஷத்துக்கு 60. இந்தியாவுல 2023ல கொண்டுவந்த முறையில 30 மணித்தியாலம், வருஷத்துக்கு 40. அப்ப உங்க 3 கிரெடிட் பாடம் 150 மணித்தியால வேலை, அது ஐரோப்பாவுல 5 இல்லாட்டி 6, இந்தியாவுல 5. இவ்வளவுதான். கணக்கு இவ்வளவு லேசா இருந்தும் அங்க எடுத்த 5 கிரெடிட்டை இங்க எதுல போடுறதுன்னு முழிக்கிற ஆபிஸ்கள் இருக்கு.

இன்னொரு உண்மையான சிக்கல் கெலண்டர். கொரோனா, 2022 பெட்ரோல் லைன், நடுவுல ஸ்ட்ரைக்னு நம்ம செமஸ்டர் எப்ப தொடங்கி எப்ப முடியும்னு நமக்கே தெரியாது, செப்டெம்பர்ல செமஸ்டர் தொடங்குற இடத்துக்கு எக்ஸாம் நடுவுல நிக்கிற புள்ளையை எப்படி அனுப்புறது. இதுக்கு அங்கிட்டு உள்ளவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

ஐரோப்பா கதை நல்லாத்தான் இருக்கு. நம்ம பக்கத்துல, சார்க் (தென்னாசியக் கூட்டமைப்பு) நாடுகளுக்குள்ள அப்படி ஒண்ணும் இல்லையா? – பசறை, ஒரு ஆசிரியர்

இருக்கு சேர், ஆனா பாதியில நிக்குது. 2007ல டெல்லி சார்க் மாநாட்டுல எட்டு நாடும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, 2010ல டெல்லியிலயே தென்னாசியப் பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்குச்சு. அங்க எடுக்கிற பட்டத்தை எட்டு நாடும் ஏத்துக்கணும்ங்கிறது ஒப்பந்தத்துலயே இருக்கு. இப்ப மைதான் கர்ஹியில சொந்தக் கட்டடத்துக்குப் போயிருச்சு. மாஸ்டர்ஸ் பண்ண நெனைக்கிற நம்ம புள்ளைங்க கட்டாயம் பாக்க வேண்டிய எடம், மலையகத்துல அந்தப் பேரையே கேள்விப்படாதவங்கதான் ஜாஸ்தி, ஸ்கூல் கெரியர் கைடன்ஸ் வகுப்புலயாவது நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்.

பாதின்னு ஏன் சொன்னேன்னா, சார்க் தலைவர்மார் கடைசியா ஒண்ணா உக்காந்தது 2014ல காத்மண்டுவுல. 2016ல இஸ்லாமாபாத்துல நடக்க இருந்தது நின்னுபோச்சு. மேல தகராறுன்னா கீழ வீசாவுல இருந்து எல்லாமே இழுபடும்.

தென்கிழக்கு ஆசியாக்காரங்க வேற வழி புடிச்சாங்க. 1995லயே ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்புன்னு கொஞ்சம் கம்பஸை மட்டும் கோத்தாங்க. 2010ல மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூணும் மட்டும் சேர்ந்து, விவசாயம், உல்லாசப் பயணம் மாதிரி தெரிஞ்செடுத்த சில துறையில புள்ளைங்களை மாத்தி மாத்தி அனுப்பத் தொடங்குனாங்க, அது ஓடுனதைப் பாத்துட்டு மத்த நாடுகள் வந்து சேர்ந்துச்சு. எட்டு நாடும் ஒத்துவரட்டும்னு நாம காத்துக்கிட்டு இருக்கிறதைவிட இது புத்தியான வேலைன்னு எனக்குப் படுது.

என் மக ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துல தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கிறா. மூணு தலைமுறையா கொழுந்து எடுத்த குடும்பம் நாங்க. தேயிலை படிக்க வெளிநாட்டுக்குப் போகணுமா தம்பி? நம்மகிட்ட இல்லாத தேயிலையா? – நமுனுகுல பக்கம், ஒரு தகப்பன்

ஐயா, இந்த கேள்விக்காகவே இந்தத் தடவை பக்கம் கூட கேட்டு வாங்குனேன்.

நம்மகிட்ட இல்லாத தேயிலை இருக்குங்க. நம்ம பெக்டரியில பெரும்பாலும் ஓர்த்தடொக்ஸ், இலையை உருட்டுற முறை. அஸ்ஸாம்ல பெரும்பாலும் சி.டி.சி., குருணை குருணையா வர்றது. நம்ம பக்கம் மழையோ வெயிலோ வருஷம் பூரா கொழுந்து எடுக்கிறோம், அங்க குளிர் காலத்துல மரம் தூங்கிரும், டிசம்பர் கடைசியில இருந்து ரெண்டு மாசத்துக்குப் பக்கமா எடுப்பு இல்ல. நம்மளது மலை, அவங்களது சமவெளி, அப்ப வடிகால், வேர் நோய், கூலிக் கணக்கு எல்லாமே வேற. இதைப் புத்தகத்துல படிக்கிறதும், அஸ்ஸாம் ஜோர்ஹாட்ல ஒரு செமஸ்டர் நின்னு பாக்கிறதும் ஒண்ணாகாது.

எடங்களைப் பாருங்க. தலவாக்கலை சென்ட் கூம்ஸ்ல நம்ம டி.ஆர்.ஐ. (தேயிலை ஆராய்ச்சி நிலையம்). ஜோர்ஹாட்ல தொக்லாய், 1911ல இருந்து தேயிலை ஆராய்ச்சி பண்ணுது, அதே ஊர்ல அஸ்ஸாம் விவசாயப் பல்கலைக்கழகத்துல தேயிலைக்குன்னே ஒரு துறை. பங்களாதேஷ் ஸ்ரீமங்கல்ல ஒரு ஆராய்ச்சி நிலையம், பக்கத்துல சில்ஹெட் ஷாஜலால் பல்கலைக்கழகத்துல உணவுப் பொறியியலும் தேயிலைத் தொழில்நுட்பமும் சேர்ந்த டிபார்ட்மென்ட். தமிழ்நாட்டுல வால்பாறையில தோட்டக்காரர் சங்கத்தோட தேயிலை ஆராய்ச்சி. இந்த நாலு பக்கத்தையும் கோத்து, மூணாம் வருஷத்துல ஒரு செமஸ்டர் மாத்திப் படிக்கலாம்னு ஒரு ஒழுங்கு செஞ்சா, அதுக்கு எந்த ஜனாதிபதியும் மாநாட்டுக்குப் போகத் தேவையில்ல. நாலு டிபார்ட்மென்ட் ஹெட் சூம்ல உக்காந்தாலே தொடங்கலாம்.

நோய்க்கு எல்லை தெரியாதுங்கய்யா. இலையில கொப்புளம் போடுற நோய் அஸ்ஸாம்ல 19ஆம் நூற்றாண்டுலயே இருந்துச்சு, 1946ல தென்னிந்தியாவுக்கும் நமக்கும் வந்து சேந்துச்சு. நோய் கடல் தாண்டி வந்த அளவுக்குக்கூட அதைப் படிக்கிற புள்ளைங்க போய்வரல.

இன்னொண்ணு, நீலகிரியில கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனா உங்க மகளுக்கு மொழி பெயர்க்க ஆள் வேணாம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அங்கிட்டு போன நம்ம சனங்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு டேன்டீங்கிற தேயிலைத் தோட்டத்தையே 1968ல தொடங்குச்சு. யாராவது பெரியப்பா வகையறா ரெண்டு பேரு அங்க இருக்கத்தான் செய்வாங்க.

இப்பதான் எல்லாம் ஒன்லைன் ஆச்சே, வீட்ல இருந்தே படிச்சா போதாதா? – நாவலப்பிட்டி வாசகர்

கொஞ்சம் போதும். பேராதனையில இருந்து இயங்குற லேர்ன்னு சொல்ற வலையமைப்பு நம்ம பல்கலைக்கழகங்களை ஒண்ணா இணைக்குது, 2020 லொக்டவுன்ல டேட்டா காசு இல்லாம சூம்ல படிச்சதும் அது வழியாத்தான். எடியுரோம் இருந்தா உங்க கம்பஸ் லொகின்லயே வேற நாட்டு கம்பஸ் வைஃபை வேலை செய்யும். ஆனா சிக்னலுக்கு லயத்துக்கு மேல உள்ள மொட்டைப் பாறைக்கு ஏறுற புள்ளைக்கு ஒன்லைன்னு சொல்றது கொஞ்சம் அநியாயம்.

ஒரு ஏஜென்ட் வந்து பக்கத்து நாட்டுல மூணு வருஷத்துல டிகிரி, வந்தோன்ன அரசாங்க வேலைன்னு சொல்றாரு. நகையை அடகு வைக்கலாமா? ஸ்கொலர்ஷிப் வழி ஏதும் இருக்கா? – இராகலை, ஒரு அம்மா

வேணாங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. மூணு வருஷப் பட்டம் கெட்டதுன்னு இல்ல, ஆனா நம்ம நாட்டுல 90 கிரெடிட் பொதுப் பட்டம் எஸ்.எல்.கியூ.எஃப்.ல ஐந்தாம் லெவல், 120 கிரெடிட் ஓனர்ஸ் ஆறாம் லெவல், சில வேலைக்கு ஆறுதான் கேப்பாங்க. அந்த கம்பஸ் பேரு உலக உயர்கல்வி டேட்டாபேஸ்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, இணையத்துல சும்மாவே பாக்கலாம். பொறகு யூ.ஜீ.சி.க்கு (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல வாங்குங்க. ஏஜென்ட் வாயால சொன்னதுக்கு யாரும் பொறுப்பில்ல.

ஸ்கொலர்ஷிப்புக்கு கண்டியில இருக்கிற இந்திய உதவி உயர்ஸ்தானிகர் ஆபிஸ்ல விசாரிங்க. தோட்டத் தொழிலாளர் புள்ளைங்களுக்குன்னே 1947ல தொடங்குன கல்வி நிதியம் ஒண்ணு இருக்கு, ஏ.எல்., கம்பஸ் படிக்கிறவங்களுக்கு உதவி குடுக்கிறாங்க. இந்தியாவுல போய் படிக்க இந்திய அரசோட ஐ.சி.சி.ஆர். ஸ்கொலர்ஷிப் வழி தனியா இருக்கு. பொம்பளைப் புள்ளைன்னா பங்களாதேஷ் சிட்டகொங்ல ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகத்தையும் பாருங்க, 2008ல தொடங்குனது, பல நாட்டுப் புள்ளைங்க ஸ்கொலர்ஷிப்லயே படிக்குதுங்க, கார்மென்ட்ல வேலை செஞ்ச பொண்ணுங்களுக்குன்னு தனி வழியே வச்சிருக்காங்க. மாஸ்டர்ஸ்க்குன்னா ஐரோப்பாவோட எராஸ்மஸ் முண்டுஸ், அதுக்கு புள்ளை நேரா அப்ளை பண்ணலாம், நடுவுல ஆள் வேணாம். ஸ்கொலர்ஷிப் கெடைச்சா பீஸும் அவங்களே, மாசச் செலவுக்கு 1,400 யூரோவும் அவங்களே.

பாஸ்போர்ட்டும், பேரு எழுத்து ஒரே மாதிரி உள்ள பேர்த் சர்டிபிகேட்டும் இப்பவே எடுத்து வச்சிருங்க. அதுல உள்ள பேரு ஒண்ணு, ஸ்கூல் ரெக்கோட்ல உள்ள பேரு இன்னொண்ணுன்னு இருந்தா அதைத் திருத்துறதுக்கே டெட்லைன் போயிரும்.