ஈசல் தின்பவர்கள் சில்வண்டுப் பொடியை ஏன் ஒதுக்குகிறார்கள்?

சில்வண்டுப் (cricket எனும் பூச்சி) பொடி கலந்த உருண்டையை வீட்டார் தொடுவதில்லை, ருசிக்கு ஏலக்காயைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏலக்காயைக் கூட்டிப் பிரயோசனம் இல்லைங்க, ருசி காரணமல்ல. ஈசல் வறுவலை அள்ளித் தின்னும் உங்கள் வீட்டார் சில்வண்டுப் பொடி கலந்த சத்துமாவு உருண்டையைத் தொடாததற்குக் காரணம், பெரும்பாலும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததுதான். ஈசல் அப்படியல்ல: மழைக்குப் பின் அவர்களே பிடித்து, இறகு புடைத்து, அரிசியோடு வறுத்தது.

பொடியே இல்லாமல் உருண்டை பிடித்து, இல்லை என்று சொல்லியே கொடுத்துப் பாருங்கள். அதையும் ஒதுக்கினால் சந்தேகம் உங்கள் மேல்!

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சில்வண்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை உணவாக அனுமதித்தபோதே லேபிளில் இந்த எச்சரிக்கையைப் போடச் சொன்னது. அதனால் யாருக்கும் சொல்லாமல் கலந்து கொடுக்காதீர்கள்.