விளையாடுறாளாம்

கேள்வி: எனக்கு 63 வயது. 1990-இல் ரொறன்ரோவுக்கு வந்து, முதலில் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் 27 வருடம் இரவு ஷிஃப்ட் செய்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். மகனுக்கு எட்டு வயதில் ஹொக்கியில் சேர ஆசை. கேட்டவன். அப்போது வசதி இல்லை. பதிலுக்குப் பழைய சேகா ஜெனிசிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறுகளில் இருவரும் 'என்.எச்.எல். 94' என்ற ஐஸ் ஹொக்கி கேம் விளையாடுவோம். அதற்குப் பிறகு கேம் பக்கமே போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பொக்ஸிங் டே மலிவு விற்பனையில் பிளேஸ்டேசன் 5-உம் 'என்.எச்.எல். 25'-உம் வாங்கினேன். என்ன ஒரு கேம்! அந்தக் காலத்தில் மூன்று பொத்தான்தான். இப்போது வலது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ். பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ஸ்லாப் ஷொட், சும்மா முன்னால் தட்டினால் ரிஸ்ட் ஷொட். தடியையே கையில் பிடித்திருக்கிற மாதிரி. ஸ்கேற் ஐஸைக் கிழிக்கிற சத்தம், நேரம் போகப் போக ஐஸில் விழுகிற கீறல், பக், அதுதான் அடிக்கிற ரப்பர் வட்டு, கம்பத்தில் பட்டுத் தெறிக்கிற 'டிங்'. சொல்லி முடியாது. 'பீ எ ப்ரோ' பகுதியில் எனக்கென்று ஒரு வீரனை உருவாக்கி ரொறன்ரோ லீவ்ஸ் அணியில் விட்டிருக்கிறேன். இடப்பக்க விங். இந்தப் பருவத்தில் 41 கோல் அடித்துவிட்டான்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "வயசுக்கேத்த வேலையா இது?" என்கிறா. மச்சான் ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சனிக்கிழமைகளில்தான் நிம்மதி. காலையிலேயே மகன் விற்பியிலிருந்து வந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், பின்னேரம் வரை பேஸ்மன்ட் எனக்கு. பேத்திக்கு ஒன்பது வயது, அவளும் ஹொக்கி விளையாடுறாளாம். இந்த வயதில் கேம் விளையாடுவது பிழையா? மனைவிக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

- ஸ்காபரோ வாசகர்

பதில்: பிழையில்லை அண்ணை. விளையாடுங்கள். இதைச் சொல்ல நான் ஒரு பக்கம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு வரி போதும்.

இந்தப் பகுதிக்கு மாதம் ஒரு கடிதமாவது இந்த வகையில் வரும். ஒருவருக்குச் சீட்டு, இன்னொருவருக்கு விடிய விடியக் கிரிக்கெட், வேறொருவருக்கு யூரியூப்பில் ஊர்ப்புதினம். கேள்வி மட்டும் மாறாது: மனைவிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மனைவிக்கு உண்மையிலேயே விளங்காமல் இருந்த வீடு ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது சுருக்கம். மூன்றரைப் பக்கம் கேமைப் பற்றித்தான், ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை. அந்தச் சேகா எங்கள் வீட்டிலும் இருந்தது. முந்திய வருடத்துக் கேமில் சண்டை பிடித்து எதிராளியை விழுத்தினால் தலையிலிருந்து ரத்தம் வரும், 94-இல் சண்டையையே எடுத்துவிட்டார்கள் என்று என் பெடியன் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு 'வன்-ரைமர்' அவனுக்குப் பிடிபட்டது. வருகிற பக்கை நிறுத்தாமல் வந்த வேகத்திலேயே அடிப்பது. அதோடு சண்டையை மறந்துபோனான்.

அந்த 1993 வசந்தத்தை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். லொஸ் ஏஞ்சலஸோடு நடந்த பிளேஓஃப் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர்களுடைய கிறெட்ஸ்கியின் தடி எங்கள் லீவ்ஸ் வீரர் டக் கில்மரின் நாடியைக் கிழித்தது. நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிறெட்ஸ்கி கோல் போட்டு ஆட்டத்தை முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் அவரே மூன்று கோல், லீவ்ஸ் வெளியே. நான் அப்போது ஒரு பேக்கரியில் வேலை. அடுத்த நாள் அங்கே செத்த வீடு மாதிரி இருந்தது. வந்த நாட்டின் துக்கத்தில் நானும் ஓர் ஆளாக நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. 1967-க்குப் பிறகு ஸ்ரான்லி கோப்பையைக் காணாத அணி, இன்றைக்கும் காணவில்லை. அது கிடக்கட்டும்.

அந்த வலது குமிழ் 2006-இல் வந்த 'என்.எச்.எல். 07'-இலேயே வந்துவிட்டது. நீங்கள் இரவு ஷிஃப்டில் நின்ற வருடங்களில் நடந்த மாற்றம், அதனால்தான் உங்களுக்கு இப்போது புதினமாக இருக்கிறது. உங்கள் மகனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஐஸில் விழுகிற கீறலைக்கூடக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபோது நல்ல கண் உள்ள மனுசன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு கடைசிப் பக்கத்துக்கு வந்தால்...

"விளையாடுறாளாம்."

அண்ணை, இந்த 'ஆம்' எங்கேயிருந்து வந்தது?

ஊரில் மழையாம். கோயில் மதில் இடிஞ்சு போச்சாம். ஆரோ ஒருத்தருக்குச் சுகமில்லையாம். கண்ணால் காணாததை, காதில் விழுந்ததை, எங்களுக்குப் பொறுப்பில்லாததைச் சொல்வதற்குத்தான் தமிழில் அந்த ஒட்டு இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதற்கு வைக்கிறதை, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணித்தியாலம் ஓடினால் வருகிற வீட்டுப் பிள்ளைக்கு வைத்திருக்கிறீர்கள். அதுவும் பெற்ற மகனுடைய பிள்ளைக்கு. பேஸ்மன்டில் இருக்கிறவன் 41 கோல் அடித்திருக்கிறானாம் என்றா எழுதினீர்கள்? இல்லை. "அடித்துவிட்டான்." அவனுக்கு நீங்கள் சாட்சி. பேத்திக்குச் சாட்சி இல்லை.

ஒன்று கேட்கிறேன். வீரனை உருவாக்கும்போது கேம் உங்களிடம் அவன் உயரம், நிறை, தடியை எந்தப் பக்கம் பிடிப்பான் என்றெல்லாம் கேட்டிருக்குமே, யோசித்து யோசித்துத் தெரிவு செய்திருப்பீர்கள். உங்கள் பேத்தி தடியை எந்தப் பக்கம் பிடிக்கிறாள்? வலக்கையால் எழுதுகிறவள்தானே என்று ஊகிக்க வேண்டாம். இந்த நாட்டில் வலக்கைக்காரப் பிள்ளைகளில் நிறையப் பேர் தடியை இடப்பக்கம்தான் பிடிக்கிறார்கள். இது போய்ப் பார்த்தால்தான் தெரிகிற விசயம். அவள் முன்னுக்கு ஓடுகிறவளா, பின்னுக்கு நிற்கிறவளா, இல்லை கோலியா? ஜேர்சியில் என்ன இலக்கம்? ஒன்றும் கடிதத்தில் இல்லை.

சனிக்கிழமைக் கதைக்கு வருவோம். ஒவ்வொரு சனியும் விடியவே மகன் விற்பியிலிருந்து வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போகிறான். கத்தரிக்காய்க் குழம்பு வைக்கவா? பிள்ளையின் ஆட்டம் பார்க்க. உங்களுடைய 'ஆம்' உங்கள் மனைவி வீட்டுக்கு வந்து சொன்னதில் மிஞ்சியது. ஸ்காபரோவில் உங்கள் வாசலில் வந்து நிற்கிற காரில் ஒரு இடம் வெறுமையாகவே போய் வருகிறது. அது தெரிந்துதான் அந்த நாளை 'நிம்மதி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கோபம் வந்தாலும் பரவாயில்லை, இன்னொன்றும் கேட்கிறேன். பேத்தி இல்லாமல் பேரனாக இருந்திருந்தால் இந்த 'ஆம்' வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம். பெட்டைப் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால், நீங்கள் கொண்டாடுகிற கேமிடமே கேட்டுப் பாருங்கள். 'என்.எச்.எல். 23' அட்டையில் கனடிய வீராங்கனை சாரா நேர்ஸ் நின்றா, அந்த வரிசையில் அட்டைக்கு வந்த முதல் பெண். உங்கள் 25-இல் 2024 டிசம்பரில் வந்த அப்டேற்றோடு பெண்கள் தொழில்முறை லீக்கின் அணிகளும் சேர்ந்திருக்கின்றன, ரொறன்ரோ செப்ரர்ஸ் உட்பட. ஒரு தடவையாவது எடுத்து விளையாடினீர்களா? அந்த லீக்கின் முதலாவது ஆட்டம் 2024 ஜனவரி 1-ஆம் தேதி, பழைய மேப்பிள் லீவ் கார்டன்ஸ் கட்டடத்துக்குள் இப்போது இருக்கிற அரங்கில் நடந்தது. கில்மர் ஓடின அதே கட்டடம். ரொறன்ரோ 4-0 என்று தோற்றது, அதில் மட்டும் மாற்றமில்லை.

மகனைச் சேர்க்க வசதி இல்லை என்று எழுதினீர்கள். அதற்கு உங்களை நான் ஏசமாட்டேன். கோப்பை கழுவுகிற காசில் ஸ்கேற்றும் ஹெல்மற்றும் பாட்ஸும் வாங்கி, விடியக் காலையில் கொண்டுபோய் விட்டு, பகலில் நித்திரை கொண்டு, இரவில் திரும்ப வேலைக்குப் போக எந்த மனுசனாலும் ஏலாது. சேகா வாங்கிக் கொடுத்தீர்கள், ஞாயிறில் பக்கத்தில் இருந்தும் விளையாடினீர்கள். அதைச் செய்யாத தகப்பன்மாரையும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கேட்டுக் கிடைக்காத பிள்ளை இன்றைக்கு ஐந்து மணிக்கு எழும்பித் தன் பிள்ளையைக் கொண்டு திரிகிறான். அதை நேரே பார்க்க உங்களுக்குக் குறுகுறுப்பாக இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இருக்கட்டும். அந்தக் குறுகுறுப்பை அரீனாவில் வந்து இருந்து படுங்கள், பேஸ்மன்டில் வேண்டாம்.

என் மாமா, அதாவது என் புருசனுடைய தகப்பன், ஊரில் தபால் அதிபராக இருந்து பென்சன் எடுத்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் வந்தார். என் மகன் அப்போது உள்ளூர் லீக்கில் விளையாடுகிறான், எல்லாம் இரண்டாம் கைச் சாமான். மாமாவுக்கு ஒரு விதியும் தெரியாது. ஓஃப்சைட் என்று விசில் ஊதினால், "ஏன் பிள்ளை நிப்பாட்டிப் போட்டாங்கள்?" என்று என்னைக் கேட்பார். எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு சனியும் தவறமாட்டார். மங்கித் தொப்பி, அதற்கு மேல் சிவப்பு மப்ளர், கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். அந்தக் குளிர் வாங்கில் பலகைபோல இருப்பார். என் மகன் வாசலால் ஐஸுக்கு இறங்கினதும் பக்கைப் பார்க்கமாட்டான், கோச்சைப் பார்க்கமாட்டான். ஹெல்மற்றுக்குள்ளால் தலையை நிமிர்த்தி மேல் வரிசையில் அந்தச் சிவப்பைத் தேடுவான். கண்டபிறகுதான் தடியை ஐஸில் வைப்பான். இப்போது அவனுக்கு நாற்பது வயதாகிறது, அந்த மப்ளர் அவனுடைய வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

உங்களுக்கு விதி எல்லாம் தெரியும். ஐசிங் என்றால் என்ன, களைத்த வரிசையை எப்போது மாற்றுவது, கடைசி நிமிசத்தில் கோலியை எப்போது வெளியே எடுப்பது என்றெல்லாம் தெரிந்த அப்பப்பா எத்தனை தமிழ்ப் பிள்ளைக்கு வாய்க்கும்? அந்தப் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது, அதுவும் வாசல் வரைக்கும் கார் வருகிற அப்பப்பா. அப்படியிருந்தும் நீங்கள் போகாததைத்தான் நான் பொறுக்கமாட்டேன்.

"வயசுக்கேத்த வேலையா இது?" என்று அக்கா கேட்டதை நீங்கள் கேமுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அப்படி எடுக்கவில்லை. உங்கள் வயசுக்கேற்ற வேலை ஒன்று சனிக்கிழமை காலையில் விற்பியில் கிடக்கிறது, அதைத் தான் தனியே செய்துவிட்டு வருகிறா. மச்சானை விடுங்கள், அவர் வேறு எதற்கும் சிரித்திருப்பார்.

வருகிற சனி மகன் வந்து ஹோர்ன் அடிக்கும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள். விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம், முன் ஆசனத்தை அக்காவுக்கு விட்டுப் பின்னால் ஏறுங்கள். தடித்த காலுறை இரண்டு சோடி, வாங்கில் போட ஒரு குசன். ஆட்டத்தின்போது வாயைத் திறக்க வேண்டாம். மேலே இருந்து "ஷூட், ஷூட்" என்று கத்துகிற ஆம்பிளையள் ஒவ்வொரு அரீனாவிலும் போதுமான அளவு இருக்கிறார்கள். முடிந்தபிறகு, தடிக்கு ஒட்டுநாடா சுற்றுவது எப்படி என்று பேத்தியிடமே கேட்டுப் பழகுங்கள். தடியின் அடிப் பலகையில், குதியிலிருந்து நுனிக்கு, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி. கேமில் இல்லாத வேலை இது, கையில் பசை ஒட்டும். ஒரு மாதம் கழித்து அவள் உங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் இரண்டாவது கொன்ட்ரோலரை எடுத்துக் கொடுத்து, செப்ரர்ஸ் அணியை அவளுக்கு விடுங்கள். இரண்டாவது இல்லையென்றால் வாங்குங்கள், மலிவு விற்பனைக்குக் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அடுத்த கடிதம் நான்கு பக்கத்தில் வேண்டாம். அவள் தடியை இடப்பக்கம் பிடிக்கிறாளா, வலப்பக்கம் பிடிக்கிறாளா என்று ஒரு வரி போதும். அக்காவிடம் கேட்டு எழுத வேண்டாம்.