வடை போகிறது, எலி சிக்கவில்லை!

கேள்வி: பத்து நாட்களுக்கு முன் கம்பி எலிக்கூண்டு ஒன்று வாங்கினேன். முதல் நான்கு நாட்கள் எலி சீண்டவே இல்லை. பிறகு தினமும் வடை மட்டும் காணாமல் போகிறது. கதவு திறந்தபடியே இருக்கிறது. கடைக்காரர் பசை அட்டை வாங்கச் சொல்கிறார். மாமனாரோ வயலில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியே போதும் என்கிறார். எதை வாங்கலாம்? - வாசகி, மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதல் நான்கு நாட்கள் வராததற்குக் கூண்டைக் குறை சொல்ல முடியாது. வீட்டெலிக்குப் புதுப்பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். இரண்டு மூன்று நாட்கள் கதவை விழாதபடி கட்டிவைத்துத் தீனி போட்டுப் பழக்கிவிட்டு, அதன் பிறகு பொறியை ஏற்றுவதுதான் முறை.

வடை மட்டும் போவதுதான் கூண்டின் கோளாறு. கதவைத் தூக்கி மாட்டி, இரை கோக்கும் கொக்கியை ஒரு ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் கதவு சட்டென்று விழ வேண்டும். அழுத்தித் தள்ளினால்தான் விழுகிறது என்றால், சுண்டெலி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். கம்பிகளுக்கு நடுவே பென்சில் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் சிறிய சுண்டெலியும் நுழையும். இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்திருக்க வேண்டும். பில் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். வடையை வெறுமனே உள்ளே போடாமல், சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ கொக்கியில் இறுகக் குத்துங்கள். கூண்டைச் சுவரோரமாக வையுங்கள். எலி நடுக்கூடத்தில் நடப்பதில்லை.

பசை அட்டை வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி உயிரோடு மணிக்கணக்கில் துடிக்கும். இந்திய விலங்கு நல வாரியம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பல மாநிலங்கள் தடையும் விதித்துள்ளன. என் வீட்டில் ஒருமுறை எலிக்கு வைத்ததில் பல்லி ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு காலாகப் பிரிக்க அரை மணி நேரம் ஆனது.

மாமனார் சொல்லும் கிட்டி நல்ல பொறிதான், ஆனால் வரப்புக்கு. மூங்கில் வில் விசையோடு இழுத்து எலியை நெரிக்கும். கொல்லையில் குழந்தையோ பூனையோ நடமாடினால் ஆபத்து.

எலி சிக்கினால் வெறுங்கையால் கூண்டைத் தூக்காதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கூண்டைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.